இரண்டரை இஞ்ச் குறைந்த கிட்டார்

என் கிட்டாரின் கழுத்தை ஸ்டீபன் மேஸ்திரி தெரிந்தே வெட்டினார்.

நான் வீட்டில் செய்துகொண்டிருப்பது பாரிடோன் எலக்ட்ரிக் கிட்டார். சாதாரண கிட்டாரைவிடத் தாழ்ந்த குரல். அதனால் கழுத்து நீளமாக இருந்தே ஆக வேண்டும். நன்றாகக் காய்ந்த அயினி மரத்துக்கு ஐந்து மாதம் அலைந்தேன். அளவெழுதி, படமும் வரைந்து அவருடைய தச்சுப் பட்டறையில் கொடுத்தேன்.

இன்று வாங்கப் போனால் இரண்டரை இஞ்ச்சைக் காணவில்லை.

“ஒனக்க அளவுல தெற்று உண்டு மக்கா. ஆராதனை முடிஞ்சு சபையில உள்ள கிட்டாரை டேப்பு வச்சு அளந்து பாத்தேன். இப்பம் சரியாக்கும்” என்றார், பெருமையாக.

“அது வேற கிட்டார், மேஸ்திரி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டேனே! ஒனக்க அண்ணனை போன்ல விளிச்சேன். மேஸ்திரி சொன்னா சரியாத்தான் இருக்கும்னான்.”

கிட்டாருக்கு எத்தனை கம்பி என்றுகூட என் அண்ணனுக்குத் தெரியாது. படத்தின் கீழே என் பெயரும் என் போன் நம்பரும் இருந்தன.

பட்டறை இருக்கும் தனுவச்சபுரத்திலிருந்து பஸ்ஸில் அந்தக் குட்டைக் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் அக்கா கேட்டார்: “கிரிக்கெட் மட்டையா பிள்ளே? தம்பிக்கா?”

இறங்கியதும் அண்ணனுக்கு வாட்ஸாப்பில் எழுதினேன்: “மேஸ்திரியை இப்பமே விளி. என் தங்கச்சிக்க அளவுதான் சரி, தெற்று நம்ம ரெண்டு பேருக்குமாக்கும்னு சொல்லு.”

டிக் நீலமாகி மூன்று மணி நேரம் ஆகிறது. அதனால் இந்தப் பதிவிலும் அவனை டேக் செய்கிறேன்.

அண்ணா, விளிச்சியா?