எமிலியா அக்கா கேட்ட திருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வந்தவர், எமது அச்சக வாசலிலேயே நின்று, "எமிலியா அக்கா விடியக்காலமை மோசம் போயிட்டா, ஐயா" என்று சாவுச்செய்தி சொன்னார். அச்சுக்கோப்பவர் குரலைத் தாழ்த்தி, "பழைய வருத்தமோ?" என்று கேட்டார். "இல்லை, நெஞ்சடைப்பு." முப்பது ஆண்டுகளுக்கு முன் குணமான நோயை இன்னமும் குரல் தாழ்த்தியே விசாரிக்கிறோம். அந்தத் தாழ்ந்த குரலுக்கு எதிராகவே அக்கா எழுதினார்.

அவரை அறிந்த வாசகர்களாகிய உங்களுக்குத் தெரியும்: சுதந்திரம் கிடைத்த மூன்றாம் ஆண்டில் அவருக்குச் சயரோகம் என்னும் காசநோய் கண்டது. மகள் நிர்மலாவுக்கு அப்போது நான்கு மாதம். ஒன்றரை ஆண்டு வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது, சாம்பல்தீவில் மைத்துனியிடம் வளர்ந்த குழந்தை அவரைக் கண்டு அழுதது. குணமாகிவிட்டதென வைத்தியர் எழுதிக் கொடுத்த பின்பும், மகளைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாராம். "மூச்சு முட்டினால் இறக்கி விட்டிடுவன். அவ்வளவு நேரந்தான் அவள் எனக்குப் பிள்ளை" என்று ஒருமுறை சொன்னார்.

எமது மாத இதழுக்கு அவர் தந்த சிறுகதைகளில் நோயுற்ற பெண்கள் இறப்பதில்லை. காரணம் கேட்டேன். "வருத்தக்காரியைச் சாகடிக்கிறது லேசு, தம்பி. அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து சோறு காய்ச்சுறதை எழுதிப் பாருங்கோ."

பின்னர் ஒருநாள், தமது ஆஸ்பத்திரி நாட்களைச் சொந்தப் பெயரிலேயே நினைவுக்குறிப்பாக எழுதித் தந்தார். அப்போது நிர்மலாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் என்ற முறையில் நான் ஒரு பிழை செய்தேன். அவரைக் கேளாமலே அதற்குச் 'சிறுகதை' என்று மகுடமிட்டு, எழுதியவர் 'ஒரு தாய்' என்று போட்டேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே எண்ணினேன்.

இதழ் வெளியான அன்றே வந்துவிட்டார்.

"ஊர் என்னை ஒளிச்சு வைச்சுது, சரி. நீங்களும் ஒளிச்சுப்போட்டியளே, தம்பி?"

"பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப் போகும், அக்கா."

"பிறகு தெரியவந்தால் அவள் தனிய நிண்டு பதில் சொல்லோணும். இப்ப எண்டால் நான் பக்கத்தில நிக்கிறன். திருத்தம் போடுங்கோ."

"நிர்மலாவைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். 'என்ர பேரையும் சேர்த்துப் போடுங்கோ அம்மா' எண்டவள். உங்களை மாதிரிப் பயந்தவள் இல்லை."

அடுத்த இதழின் முதற்பக்கத்தில் போட்டேன்: "சென்ற இதழில் சிறுகதை என வெளியானது கதையன்று. அதை எழுதியவரும் வாழ்ந்தவரும் எமிலியா அம்மையார்."

மாப்பிள்ளை வீட்டார் மூன்று வாரம் எட்டிப் பார்க்கவில்லை. நான் உறக்கமின்றித் தவித்தேன். அக்கா அடுத்த கதையை எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு மாலை, அக்கதையின் அச்சுப்படியுடன் நான் அவர் வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் தனியே வந்து கதிரையில் அமர்ந்தார். வருபவர்களிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று அக்கா கேட்பதில்லை. பழைய நோய்க்குப் பயந்து மறுக்கும் சங்கடத்தை யாருக்கும் தரக்கூடாது என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட விதி. வந்தவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, சம்பந்தி வீட்டில எழுத்து மட்டுந்தானோ? தேத்தண்ணி ஒண்டும் இல்லையோ?"

அக்கா எழுந்து குசினிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "மூண்டு கிழமை யோசிச்சனான். ஒளிக்கத் தெரியாத வீட்டில பெண் எடுத்தால் பயமில்லைத்தானே?" என்றார். அந்த ஆவணியிலேயே கலியாணம் நடந்தது.

அக்காவிடமிருந்து நான் பெற்றுக்கொண்டது ஒரு வழக்கம். பிறரைக் காப்பதாக எண்ணி எதையேனும் வெட்ட என் பேனா எழும்போது, முதலில் எழுதியவரிடம் போய்க் கேட்கிறேன். கேட்டவர்களுள் அநேகர், சிறிது யோசித்துவிட்டு, "இருக்கட்டும், அப்பிடியே போடுங்கோ" என்றுதான் சொல்கிறார்கள்.