கால் மணியில் எட்டு வால்

"எழுபத்தொண்ணு... எழுபத்திரெண்டு..." என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து எண்ணிக்கொண்டிருக்கும் ஷோபாவிடம் யாராவது பேச வாயெடுத்தால் போதும், அவருடைய இடது கை விறைப்பாக மேலே எழும்பிவிடும். வந்தவர் டாக்டரானாலும் சரி, கட்டடத்துச் சொந்தக்காரரானாலும் சரி, அந்தக் கை இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது அந்த ரத்தப் பரிசோதனை லேப். ஷோபாவுக்கு வயது நாற்பத்தேழு. இருபத்து மூன்று வருடமாக ஒரே முக்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. கூட வேலை பார்க்கும் சகாயம் ஒருமுறை உட்கார்ந்து, உயரத்தையும் மாற்றிவிட்டு, வாரம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

காய்ச்சல்காரர் ரத்தம் என்றால், ஸ்லைடில் தடவிச் சாயம் ஏற்றி, நூறு வட்டம் பார்க்காமல் 'மலேரியா இல்லை' என்று எழுதமாட்டார். வட்டம் என்பது லென்ஸ் வழியே ஒரு தடவைக்குக் கண்ணில் படுகிற இடம். தொண்ணூற்றெட்டு வட்டம் காலியாகக் கிடந்து, தொண்ணூற்றொன்பதாவதில் கிருமி அகப்பட்டதும் உண்டு. பார்வை மங்கினால், "இன்னும் ஒரு லெவல் கீழ எறங்கணும்" என்று திருகை மெல்லத் திருப்புவார். தங்கச் சுரங்கத்தில் லெவல் லெவலாக இறங்கியவர்கள் வீட்டுப் பெண் இல்லையா, பேச்சு அப்படித்தான் வரும்.

ரத்தக் குழாயைத் திறந்து வைக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். ஏன் என்று தெரியாமல் கேட்டுவிட்டால் முழுக் கதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"ரத்தம் ஆறி, காத்து பட்டுச்சுன்னு வெச்சுக்க. மலேரியாவுல ஆம்பளக் கிருமி கீதே, அதுக்கு கொசு வயித்துக்குள்ள வந்துட்டோம்னு நெனப்பு. மாப்ள ஒடனே ரெடியாவுறாரு! உள்ள கீற கருவு ஒண்ணு ரெண்டாவுது, ரெண்டு நாலாவுது, நாலு எட்டாவுது. அதே நேரத்துல எட்டு வாலையும் பக்கத்துலயே கட்டிக்கினு கீறாரு. கால் மணி நேரம், அவ்ளோதான். படார்னு வெடிச்சு எட்டு பேரா பொண்ணு தேடிக் கெளம்பிடுவாங்க. நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு ஒரு சட்டை மாட்டவே அரை மணி ஆவுது."

இவ்வளவு பேசுகிறவரேதான் இந்த ஜனவரியில் சறுக்கினார். கிருஷ்ணம்மா தன் மகன் ராஜ்குமாரைத் தாங்கிப் பிடித்து மாடியேற்றிக் கொண்டுவந்தார். மங்களூரில் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவன். ஆறு நாளாகக் காய்ச்சல். வேறொரு சோதனைக்காக அவன் ரத்தக் குழாயைத் திறந்த ஷோபா, ஊசியைப் பார்த்து வீறிட்ட ஒரு குழந்தையைப் பிடிக்க ஓடினார். மூடியில்லாத குழாய் ஜன்னலோரம் குளிர்காற்றில் அரை மணி நேரம் கிடந்தது.

அதிலிருந்துதான் சகாயம் ஸ்லைடு போட்டார். ஒன்பதாவது வட்டத்திலேயே மெல்லிய நூல் நூலாக என்னவோ தெரிந்தது. அபூர்வமான நூல் கிருமி கிடைத்துவிட்ட குஷியில் மேற்கொண்டு எண்ணாமல் ரிப்போர்ட் எழுதி, கீழே கிளினிக்கில் இருக்கும் டாக்டர் சுந்தரராஜுக்கு அனுப்பிவிட்டார்.

வெளியே போன ரிப்போர்ட்டுக்கும் ஸ்லைடை ஒருமுறை பார்த்துவிடுவது ஷோபாவின் வழக்கம். நாற்பத்து மூன்றாவது வட்டத்தில் பழுப்புப் பொடி தூவியதுபோல் உருண்டையாக ஒன்று உட்கார்ந்திருந்தது, இன்னும் வால் விடாத மலேரியா ஆண் கிருமி. திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மூடி தனியாகக் கிடந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினார்.

"சார், நூல் கிருமிக்கு ஊசி போடாதீங்க! அது மலேரியா. அந்த நூலு அவன் ஒடம்புல இல்ல, என் குழாய்ல மொளைச்சது. மூடாம வெச்சது நான்தான்."

டாக்டருக்குக் கோபம். "இன்னாம்மா ஷோபா, காலைல ஒரு ரிப்போர்ட், மத்தியானம் ஒரு ரிப்போர்ட்டா? எதைத்தான் நம்புறது?"

பெஞ்சில் ராஜ்குமார் பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தான். "ஆளுக்கொண்ணு சொல்லிக்கினு இருந்தா எப்டிம்மா? எம்புள்ள இனிமே தாங்க மாட்டாம்மா" என்று கிருஷ்ணம்மா அழுதார். அந்த அழுகை ஷோபாவைப் பிடுங்கித் தின்றது. தப்பான மருந்தில் இன்னும் இரண்டு நாள் போனால் இவன் கதி என்ன?

"பதினஞ்சு நிமிஷம் குடுங்க சார். நான் சொன்னா நம்பாதீங்க. நீங்களே வந்து பாருங்க."

ராஜ்குமாரின் விரல் நுனியில் குத்தி இரண்டு சொட்டு எடுத்தார். ஒன்றை அங்கேயே மெல்லியதாகத் தடவி, வால் முளைக்க நேரம் கொடுக்காமல் உடனே காயவைத்தார். டாக்டரையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்து சாயம் ஏற்றிப் பார்த்தால் அதே பழுப்பு உருண்டைகள். நூல் ஒன்றுகூட இல்லை. காயாமல் மெல்லிய கண்ணாடியால் மூடிவைத்திருந்த மற்றொரு சொட்டை லென்ஸுக்கு அடியில் வைத்துவிட்டு, யாருக்கும் தராத முக்காலியை டாக்டர் பக்கம் தள்ளினார்.

"ஒக்காருங்க சார். அந்த உருண்டைய வுட்டு கண்ணை எடுக்காதீங்க."

ஐந்து நிமிடம் போனது. பத்தும் போனது. "சும்மாதானேம்மா கீது" என்று டாக்டர் ஆரம்பித்தார். ஷோபாவின் இடது கை எழும்பியது. அவரும் அடங்கினார்.

பதின்மூன்றாவது நிமிடம் உருண்டைக்குள் பழுப்புப் பொடி கொதிக்கத் தொடங்கியது. அடுத்த நொடி அதன் உடம்பைக் கிழித்துக்கொண்டு வால்கள் வெளியே பாய்ந்து, சாட்டை வீசுகிற மாதிரி வீசி, பக்கத்துச் சிவப்பணுக்களை அடித்துத் தள்ளின. ஒன்று பிய்த்துக்கொண்டு ஓடியே போய்விட்டது.

"அடேங்கப்பா!" என்றார் டாக்டர். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லாமலே சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு மலேரியாவுக்கு மருந்து எழுதினார்.

மூலையில் தலை குனிந்து நின்ற சகாயத்திடம் ஷோபா சொன்னார்: "நீ நூறு எண்ணல. நான் மூடி போடல. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. போ, போயி டீ சொல்லு."

மூன்றாம் நாள் ராஜ்குமார் சுவரைப் பிடித்தபடி தானே படியேறி வந்தான். மறுபடி விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, சாயம் ஏற்றி, ஷோபா தன் முக்காலியில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். பக்கத்திலேயே கிருஷ்ணம்மா நின்றார்.

"இன்னாம்மா, கிருமி பூட்ச்சா?"

இடது கை மேலே போனது. எண்பது, தொண்ணூறு. எங்கும் ஒன்றும் இல்லை.

"நூறு" என்றார் ஷோபா. வழக்கமாக அந்த எண்ணோடு கை இறங்கும், கண் நிமிரும், பேனா கைக்கு வரும். அன்றைக்குக் கை மட்டும் இறங்கியது. பார்க்காமலே துழாவி, கிருஷ்ணம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கண் லென்ஸை விட்டு அசையவில்லை.

"நூத்தியொண்ணு... நூத்தியிரெண்டு..."