மூச்சுப் பயிற்சி நடக்கும் மரத்தடி

எனக்கு வயது எழுபத்திரண்டு, வளர்த்தது ஆறு பிள்ளைகள். எல்லாம் அடையாற்றங்கரைக் குடிசையில்தான். குடிசைகளை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு அந்தக் கரையில் பூங்கா வந்துவிட்டது. நான் நட்ட பூவரசைத் தொட்டுப் பார்க்க பஸ் ஏறி வந்து நிற்கிறேன்.

வாசலில் காவல்காரர் மறிக்கிறார். "வாக்கிங் போறவங்களுக்குத்தான் ஆயா. அந்த மரத்தாண்ட மூச்சுப் பயிற்சி நடந்துகினு கீது."

எட்டிப் பார்க்கிறேன். பூவரசின் கீழே பாய் விரித்து, பெரிய வீட்டுப் பெண்கள் கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுக்கிறார்கள்.

"இன்னா ஆயா சிரிக்கிற?"

"குப்பத்துப் பொம்பளைங்க மொத்தமும் காலையில ஒதுங்குன எடம் நைனா அது. மறைவுக்குத்தான் மரத்தயே நட்டேன். நல்லா இழுக்கச் சொல்லு!"

அவர் சிரித்தபடியே கேட்டைத் திறந்துவிடுகிறார். மரத்தைத் தொடும்போது பழைய பழக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

அடியே பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாயே, 'ஒதுங்குன எடம்' என்று மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறாய்? சத்தமாகப் படித்துக் காட்டு.