ஆட்டை அறியாத ஆன்டிபாடி

கல்வராயன் மலையடிவார ஊர்களில் கழிச்சல் கண்டு இளைத்துச் செத்த ஆடுகளின் குடலை அப்போது ஆய்வுக்காகச் சேகரித்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சிதான் எனக்குச் சொந்த ஊர். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி ஒரு வீட்டில் வெள்ளாடு செத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். போனேன். தோலும் எலும்புமாகக் கிடந்தது. கூலி வேலைக்குப் போகிற புருஷனும் பெண்டாட்டியும் வளர்த்தது. நான் குடலை எடுக்கும்போதே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"மரவள்ளித் தழைய போடாத, போடாதன்னு சொல்லிக்கினே இருந்தேன் மேடம். கேட்டாளா? ஒண்ணொண்ணா ஆட்ட சாவடிக்கிறா."

ஆட்டின் காலைப் பிடித்திருந்த அவள் என்னைப் பார்த்தாள். "தழையாலதானான்னு பாத்து சொல்லுங்க மேடம். இல்லன்னா இல்லன்னு இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

மரவள்ளி விஷமென்றால் மூச்சு முட்டி உடனே விழும், இப்படி மாசக்கணக்கில் இளைக்காது என்றேன்.

"அப்ப இன்னா நோவு?" என்றான் அவன், நம்பாமல்.

குடலை ஆய்வகத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

ஃபார்மலினில் ஊறிய குடலை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். குடல் சுவரெங்கும் பெரிய பெரிய செல்கள் அடைத்துக் கிடந்தன. கிருமியை விழுங்க வந்த மேக்ரோபேஜ்களா, புற்றுக்கட்டியா? வழக்கமான சாயத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிருமியும் கண்ணில் படவில்லை. மேக்ரோபேஜில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி உண்டு. அது ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி செய்துவிடலாம். ஆனால் எங்களிடம் இருந்தது மனிதத் திசுவுக்கென்று செய்தது. ஆட்டுக் குடலில் அது எதையும் அடையாளம் காணவில்லை. சீவலைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன், ஆன்டிபாடியின் அளவைக் கூட்டிப் பார்த்தேன். பழுப்பு வரவே இல்லை. ஆட்டிலும் ஒட்டக்கூடிய வேறொன்றைக் கேட்டு, அனுமதி கிடைத்து, அது வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

புதியதைப் போட்டதும் குடல் சுவர் முழுக்கப் பழுப்பு. அத்தனையும் மேக்ரோபேஜ். மறுபடி கிருமிக்கான சாயம் போட்டுத் துழாவியபோது, அந்தச் செல்களுக்குள் சிவப்புக் குச்சிகளாகச் சில கிருமிகள் அகப்பட்டன. குட்டிப் பருவத்திலேயே தாயின் புழுக்கை பட்ட மடியிலிருந்து தொற்றி, நெடுநாள் பதுங்கியிருந்து குடலைத் தடிக்க வைக்கும் நோய். தழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சொல்லப் போனபோது வீட்டில் அவன் மட்டும் இருந்தான். பட்டி காலியாக இருந்தது. விவரத்தைச் சொன்னேன்.

"அப்ப அவ மேல தப்பு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"தெனமும் அதையே சொல்லிக்கினு இருந்தேன் மேடம். ஒருநாள் கைய நீட்டிட்டேன். சின்னசேலத்துல அவ அக்கா வூட்டுக்குப் போனவ வரவே இல்ல. என் நம்பர்னா எடுக்க மாட்டா. நீங்க சொல்லுங்க."

என் போனிலிருந்து அழைத்துச் சொன்னேன்.

"எனுக்கு அப்பவே தெரியும் மேடம்," என்றாள். அவள் குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. "மீதி ஆடுங்களுக்கும் இந்த நோவு இருக்குமா?"

"இருக்கலாம்மா." மீதி ஆடுகள் எங்கே என்று அவனைக் கேட்டேன். சந்தையில் விற்றுவிட்டதாகச் சொன்னான். அதையும் அவளிடம் சொன்னேன்.

"வாங்கினு போன வூட்லயும் எவ மேலயாச்சும்தான பழி வுழும்," என்றாள். பிறகு அழைப்பு நின்றுவிட்டது.

"வரேன்னாளா மேடம்?" என்று கேட்டான். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அடுத்த சந்தையில் விசாரித்தேன். அந்த ஆடுகள் எந்த ஊருக்குப் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஆன்டிபாடி ஒரு பருவம் முந்தி வந்திருந்தால் அவள் கிளம்பியிருக்க மாட்டாள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.