இசைவாணிக்குக் கிடைத்த பாராட்டுகள்

எங்கள் அலுவலகத்தில் அதிகாரி யாரையாவது பாராட்டினால் நான் குனிந்து ஃபைலுக்குள் முகத்தை மறைத்துக்கொள்வேன். கடலூரில் பதினோரு வருஷமாக இந்த நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? காலையில் பாராட்டினால் மதியத்துக்குள் இன்னொருத்தர் வேலையும் நம் மேசைக்கு வந்துவிடும். ஓய்வு பெறுகிறவருக்குப் பாராட்டு விழா வைப்பார்கள். அத்தனை வருஷம் அவர் என்ன கிழித்தார் என்று அன்றைக்கு யாரும் கேட்கக் கூடாது. வேலை செய்யாதவரைப் பற்றிப் புகார் போனால், "பெரிய மனுஷன், குறை பாராட்டாதீங்க" என்பார்கள். பாராட்டு என்ற இந்த ஒரு சொல்லால் அதிகம் அடிபட்டவள் அடுத்த மேசை இசைவாணி.

அவள் தினமும் சிதம்பரத்திலிருந்து வருகிறாள். ஏழு மணிக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். வீட்டில் அம்மா ஆரோக்கியம்மாளுக்குப் பக்கவாதம். வலது கை வராது. மதியம் பக்கத்து வீட்டுச் செல்லாயி வந்து ஊட்டினால்தான் சோறு. செல்லாயிக்கு வேறு வேலை வந்துவிட்டால் தட்டு அப்படியே கிடக்கும். சிதம்பரம் கிளைக்கு மாறுதல் கேட்டு இசைவாணி மூன்று முறை மனுப் போட்டாள். மூன்றிலும் அதிகாரி ஒரே குறிப்புதான் எழுதினார்: 'பணி பாராட்டுக்குரியது. இவரை விடுவித்தால் அலுவலகப் பணி பாதிக்கும்.'

"கொஞ்ச நாள் சோம்பேறியா இருந்து பாரேன் வாணி," என்றேன்.

பாவம், அதையும் முயன்றாள். ஒரு ஃபைலை நாலு நாள் தூங்கவிட்டாள். ஐந்தாம் நாள், "என்னால முடியலக்கா," என்று அவளே முடித்து அனுப்பிவிட்டாள்.

போன மாதம் சிதம்பரத்தில் இடம் காலியானது. அது சடையப்பனுக்குப் போனது. சாப்பிட்டுவிட்டு மேசையிலேயே குறட்டை விடுகிறவர். தொலைந்தால் சரி என்று அதிகாரி ஒரே நாளில் அவர் மனுவில் கையெழுத்துப் போட்டார். வழியனுப்பு விழாவுக்குப் பாராட்டு மடல் எழுதியது யார்? இசைவாணிதான். 'அயராத உழைப்பாளி' என்று எழுதும்போது அவள் பேனா நிற்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

விழாவில் அதிகாரி மைக்கைப் பிடித்தார். "இசைவாணிம்மா மாதிரி யாராலயும் எழுத முடியாது. அவுங்க இல்லன்னா இந்த ஆபீஸே ஓடாது," என்று சொல்லி, சிவப்பு முத்திரை வைத்த பாராட்டுப் பத்திரம் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கக்கேடு, நானும் தட்டினேன்.

அவள் முகம் சரியில்லை என்று அன்றைக்கு வீடுவரை கூடவே போனேன். கட்டிலில் கிடந்த ஆரோக்கியம்மாள் அந்தத் தாளை வாங்கி, முத்திரையை இடது கையால் தடவிப் பார்த்தார்.

"ஆர்டர் வந்துடுச்சா கண்ணு? இனிமே மத்தியானம் நீயே வந்து ஊட்டுவியா?"

இசைவாணி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஆமாம்மா," என்றாள்.

மறுநாள் காலை, சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருஷத்துக்குக் கேட்டு எழுதி அதிகாரி முன்னால் வைத்தாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"லீவு லெட்டரக் கூட எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க! உங்களப் போயி எப்படிம்மா விடறது?"

அவள் இடுப்பிலிருந்த ஆபீஸ் பீரோ சாவியை எடுத்து அந்தத் தாளின்மேல் வைத்தாள். சோற்று வேளைக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று, சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கிப் போனாள்.