காய்ந்த குல்லா

எங்கள் குப்பத்தில் கம்பளி பின்னத் தெரிந்த ஒரே பொம்பளை வச்சலாதான். நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், சித்திரையில் மணலில் கால் வைத்தால் கொப்புளம் போடுகிற ஊர் இது. இங்கே ஒருத்தி உல்லன் நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? நான் இங்கே பெட்டிக்கடை வைத்திருப்பவள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. நானும்தான் செய்திருக்கிறேன்.

"இன்னாடி வச்சலா, ஊட்டில வூடு பாத்துட்டியா?" என்பேன்.

"நீ உன் போண்டாவப் பாருக்கா, கருகுது" என்பாள், தலையைத் தூக்காமலே.

அவள் மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே தங்கிவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரம்மா, பாதி பின்னிய துணியையும் இரண்டு ஊசியையும் கட்டிலுக்கு அடியில் மறந்துவிட்டுப் போனாள். யாரும் கேட்டு வரவில்லை. மேனேஜர் குப்பையில் போடச் சொன்னான். வச்சலாவுக்கு மனசு வரவில்லை, வீட்டுக்கு எடுத்து வந்தாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, போட்டுப் பிரித்து, போட்டுப் பிரித்து, மீதியைத் தானே முடித்தாள். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. ஷேர் ஆட்டோவில் பின்னுவாள், விடுதியில் சாப்பாட்டு நேரத்தில் துணி வைக்கிற அறையில் உட்கார்ந்து பின்னுவாள், படகு வருகிற வரைக்கும் கரையில் குந்திக்கொண்டு பின்னுவாள். செங்கல்பட்டுக்குப் போனால் புடவைக் கடை பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். நேராக ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் நூல் உருண்டை வாங்குவாள்.

அவளுக்கும் மூர்த்திக்கும் குழந்தை இல்லை. 'போட்டு அழகு பாக்க ஒண்ணும் இல்ல, யாருக்குப் பின்னிகினு கீறா?' என்று பேசினவளும் இந்த ஊரில் இருக்கிறாள். அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுக்கே தெரியும்.

மூர்த்தி ஃபைபர் படகில் போகிறவன். கூடப் போவது ஆனந்தன், பக்கத்து வீட்டுக்காரன், மூர்த்தியை விட வயதில் சின்னவன். இரண்டு பேரும் ஒரே வளர்த்தி, ஒரே ஒல்லி. பின்னாலிருந்து பார்த்தால் எனக்கே குழம்பும். மார்கழிப் பனியில் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்கு காது அடைத்துக்கொள்ளும் என்று, வச்சலா புருஷனுக்கு ஒரு நீலக் குல்லா போட்டுக் கொடுத்தாள். காதை மூடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இறங்கி, காற்றில் பறக்காமல் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடக் கயிறு. நெற்றியில் ஜடை மாதிரி முறுக்கிய பின்னல். ஆனந்தன் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"இன்னாண்ணி, அண்ணாத்தைக்கு மட்டும்தான் காதா? எனக்கு இல்லியா?"

அவனுக்கும் ஒன்று போட்டாள். ஜடைப் பின்னலுக்கு நேரமாகும் என்று சாதாரணமாகவே போட்டு, ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு வரி விட்டாள். எது யாருடையது என்று குப்பத்துக்கே தெரியும். கிண்டல் செய்த ஊர், அதற்கப்புறம் 'எனக்கொண்ணு போடு' என்று வரிசையில் நின்றது. ஊர் அப்படித்தான்.

போன மார்கழியில் ஒரு நாள் காற்று திடீரென்று மாறியது. மற்ற படகெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டன. மூர்த்தியும் ஆனந்தனும் வரவில்லை. மறுநாள் கவிழ்ந்த படகு மட்டும் கிடைத்தது.

ஆனந்தன் பெண்டாட்டி சங்கவி மணலில் புரண்டு அழுதாள். வச்சலா அழவில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். 'கல்லு மனசுடி' என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர்களை அறைந்திருப்பேன். கையில் வேலை இருக்கிற வரைக்கும் புருஷன் வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம் அவளுக்கு. மற்ற நாளெல்லாம் அப்படித்தானே உட்கார்ந்திருந்தாள்?

அந்த வாரக் கடைசியில் செய்யூர் பக்கம் கரையில் ஒரு உடம்பு ஒதுங்கியிருப்பதாக போலீஸ் சொன்னது. அடையாளம் காட்ட இரண்டு பெண்களையும் ஆனந்தனின் அண்ணன் அருணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். முகம் என்று ஒன்று இல்லையாம். சட்டையைக் கடல் உருவிக்கொண்டு போயிருந்தது. இடுப்பில் இருந்தது எல்லோரும் போடுகிற கறுப்பு நிக்கர். சங்கவி வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். அருணகிரி உள்ளே போய், பார்த்தும் ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றான். வச்சலா கிட்டே போய்ப் பார்த்தாள். தலையில் குல்லா இருந்தது. தாடைக்குக் கீழே முடிச்சு அவிழாமல் இருந்தது. ஓரத்தில் சிவப்பு வரி.

"இது ஆனந்தன் குல்லா. நான் போட்டது. என் பின்னல் எனக்குத் தெரியாதா?" என்றாளாம்.

அவள் சொன்னால் மறுபேச்சு ஏது? கையெழுத்து வாங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்தார்கள். கெட்டுப்போன உடம்பு என்று வீட்டு வாசலுக்குக்கூட கொண்டுவரவில்லை, நேரே சுடுகாட்டுக்குத்தான். அருணகிரி கொள்ளி வைத்தான். மறுநாள் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். வச்சலா சங்கவியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு தேற்றினாள். ஆனாலும் அந்த முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்ததை நான் பார்த்தேன். ஆனந்தன் கரை சேர்ந்துவிட்டான், பிணமாகத்தான்; மூர்த்தி சேரவில்லை. அப்படியானால் மூர்த்தி எங்கேயோ இருக்கிறான். அந்தக் கணக்கு அவளுக்குப் போதும். சாயங்காலம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவனுக்கென்று உலை வைத்தாள். யாருக்கும் அதைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. என்னாலும் முடியவில்லை.

சங்கவிக்கு இன்னும் தாலி இறக்கவில்லை. அதற்கும் காரியத்துக்கும் நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு காலை அவள் போன் அடித்தது. என் கடை வாசலில்தான் எல்லோரும் நின்றிருந்தோம். எடுத்தால், யாரோ தெலுங்கில் பேசுகிறான். அப்புறம் ஆனந்தன் குரல். ஆந்திரா படகு ஒன்று அவனை நடுக்கடலில் தூக்கிப் போட்டுக்கொண்டு, மீன்பிடித்து முடித்து, அன்றைக்குத்தான் காக்கிநாடா கரைக்குப் போயிருக்கிறது.

சங்கவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். ஊரே கூடிவிட்டது. வச்சலாவும் ஓடிவந்து முன்னால் நின்றாள்.

"அண்ணாத்த வந்துட்டாரா?" என்றான் ஆனந்தன்.

"மூர்த்தி மாமா வரல. ஒரு ஒடம்பு வந்துச்சி, உன் குல்லா மாட்டிகினு. உனுக்குக் கொள்ளியே வச்சிட்டோம்யா" என்றாள் சங்கவி, சிரித்தபடியே.

ஆனந்தன் மெதுவாகச் சொன்னான்: "என் குல்லா அவுரு தலைலதான் கீது. முன்னால நின்னு வல இழுத்துகினு இருந்தாரு. அவுரு குல்லா நனஞ்சிடுச்சி. நான்தான் என்னுத கழட்டி மாட்டி விட்டேன்."

அது படகில் வழக்கமாம். முன்னால் நின்று வலை இழுக்கிறவன் அலையில் நனைவான். எஞ்சினோடு பின்னால் உட்காருகிறவன் தன் காய்ந்த குல்லாவை அவனுக்குக் கொடுத்துவிட்டு நனைந்ததை வாங்கிக்கொள்வான். ஆள் மாற மாற குல்லாவும் மாறும். கரைக்கு வரும்போது அவனவன் தன்னுடையதை மாட்டிக்கொண்டு இறங்குவான். ஆண்களுக்கு அது பீடி மாற்றிக்கொள்கிற மாதிரி, வீட்டில் வந்து சொல்கிற சங்கதியா? கடலுக்குப் போகாத எங்களுக்கு எப்படித் தெரியும்? கடலுக்குப் போகிற ஆண்பிள்ளைகள் ஊர் முழுக்க இருந்தார்கள். பிணத்தின் தலையில் சிவப்பு வரி என்றதும் ஒருத்தனுக்கும் இது ஞாபகம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வச்சலா தலையிலிருந்த பூவை எடுத்து என் கடைப் பலகை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தெருக்கோடியில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். செத்தவன் திரும்பி வந்தால் வெடிக்காமல் என்ன செய்வார்கள்? நான் கடையைச் சாத்திவிட்டேன். ஆனந்தன் வந்ததும் நேராக அவள் காலில்தான் விழுந்தான். "எழுந்திரு. நீ குல்லா குடுத்தது நல்லதுக்குத்தான்" என்றாள். அவன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சங்கவிதான் இப்போதும் அவளைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறாள்.

பின்னுவதை விட்டுவிட்டாளா என்று கேட்கிறார்கள். விடவில்லை. விடுதி வேலைக்குப் போகிறாள், வருகிறாள், பின்னுகிறாள். குல்லா மட்டும் போடுவதில்லை. போன வாரம் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம். பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தவள், நான் ஒன்றும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"அக்கா, அன்னிக்கு ஆஸ்பத்திரில பொணத்தக் காட்டுன ஆளு கேட்டான், துணிய எடுக்கட்டுமா, கையக் காலப் பாக்குறியாம்மான்னு. வாணாம், குல்லா போதும்னுட்டேன்."

"விடுடி. யாராயிருந்தாலும் அதான் சொல்லியிருப்பாங்க."

"இல்லக்கா. பயம். கையப் பாத்தா எங்க வூட்டுக்காரரா இருந்துடுவாரோன்னு பயம்." ஊசி நிற்கவில்லை. "வெளிய வந்தேன். தள்ளுவண்டில இட்லி வித்துகினு இருந்தான். அத்தினி நாளா எனுக்குத் தண்ணிகூட எறங்கல. சங்கவி பெஞ்சில மயக்கமா கெடக்குறா. நான் அந்தாண்ட திரும்பி நின்னுகினு தின்னேன். பத்தல. இன்னும் ரெண்டு வைன்னு கேட்டு வாங்கித் தின்னேன். அவுரு உள்ள படுத்துகினு கீறாரு."

நான் அவள் கையைப் பிடித்தேன். விலக்கிக்கொண்டாள்.

"ருசியா இருந்துச்சிக்கா" என்றாள்.