பின்சுவரில் தொங்கியவை கொசுக்கள் அல்ல

கொசு இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று. எங்கள் குவார்ட்டர்ஸின் பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது கொசு இல்லை. அது கடிக்காது. கடிப்பதற்கு அதன் வாயில் ஒன்றுமே கிடையாது. இறக்கை முளைத்த பிறகு அந்த இனத்தில் பெரும்பாலானவை எதையும் தின்பதுகூட இல்லை. சில நாட்கள் பறந்து, துணை தேடி, முட்டையிட்டுச் செத்துப்போகும். பார்க்கக் கொசு மாதிரிதான், ஆனால் பெரிது. உடம்பு குச்சி போல, கால்கள் அந்த உடம்பைவிடப் பல மடங்கு நீளம். இங்கிலீஷில் கிரேன் ஃப்ளை. தமிழில் அதற்கென்று ஒரு பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை போலும். எங்கள் பக்கத்தில் "பெரிய கொசு" என்பார்கள். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்கள்.

நான் எஸ்டேட் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளியில் உயிரியல் டீச்சர். வீட்டுக்காரர் லைன்மேன். சித்திரபுரம் போகும் வழியில், மலைச்சரிவை வெட்டிக் கட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் கருங்கல் சுவர். மண் சரிந்து வீட்டுக்குள் வராமல் இருக்கக் கட்டியது. மலைக்குள் ஊறும் தண்ணீர் வெளியே வடிவதற்காக அதில் வரிசையாகக் குழாய்கள் பதித்திருந்தார்கள். மழை, வெயில் என்று பாராமல் அந்தக் குழாய்கள் கசிந்துகொண்டே இருந்ததால் சுவர் முழுக்கப் பச்சைப் பாசி தடித்திருந்தது. அந்தப் பாசிக்குள்தான் இந்தப் பூச்சியின் புழுக்கள் வளர்ந்தன. வளர்ந்தவை சுவரின் நிழலான பக்கத்தில் முன்கால்களால் தொங்கிக்கொண்டு, நூலில் கட்டி யாரோ இழுத்து விடுவதுபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "உன் கொசுமாரெல்லாம் சௌக்கியமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். முதல் வருடம் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

என்னோடு எம்.எஸ்ஸி. படித்த தோழி ஒருத்தி பாலக்காட்டில் கல்லூரி ஆசிரியை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வடகரப்பதிதான் அவள் ஊர். நல்ல மைக்ராஸ்கோப் அவளிடம் இருக்கிறது, என்னிடம் இருப்பது கைலென்ஸ் மட்டும். பின்சுவரில் பிடித்த பூச்சிகளைக் கூரியரில் அவளுக்கு அனுப்பினேன். இறக்கை நரம்புகளை வைத்து அவள் பேரினத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பேரினத்தில் இதுவரை எழுதப்பட்ட எதோடும் இது பொருந்தவில்லை என்று ஒரு நாள் போன் செய்தாள்.

"புதுசா இருக்கும்னு தோணுது புள்ள. ஆனா நீ அனுப்புனது அத்தனையும் பொம்பள. ஆம்பளப் பூச்சி இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் சொன்னது சரி. இந்தப் பூச்சிகளில் இனத்தைத் தீர்மானிப்பது ஆணின் வால்நுனிதான். பெண்ணின் வால் ஊசி மாதிரிக் கூர்மையாக இருக்கும், பாசிக்குள் குத்தி முட்டையிடுவதற்காக. பல இனங்களின் பெண்கள் ஒன்றுபோலவே இருப்பார்கள். ஆணின் வால்நுனியோ தடித்திருக்கும். அதை வெட்டியெடுத்து, காஸ்டிக் பொட்டாஷில் போட்டுச் சதையைக் கரைத்தால் உள்ளே இருக்கும் கொக்கிகளும் தகடுகளும் தெரியும். அந்தக் கொக்கியின் வளைவு இனத்துக்கு இனம் வேறு. அதை வரைந்து காட்டினால்தான் உலகம் இது புது இனம் என்று ஒப்புக்கொள்ளும். அதுவரை அது பெயரில்லாத, பெரிய கொசு.

இரண்டு வருடம் ஆண் தேடினேன். சுவரில் எல்லா நேரத்திலும் பார்த்தேன். பெண், பெண், பெண். பிடிப்பதும் சுலபமில்லை. தொட்டால் கால் கழன்று விரலோடு வந்துவிடும். ஆறு காலோடு ஒன்றைக் காகித உறைக்குள் போட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

சுவரை விட்டு வேறெங்கே இருக்கும் என்று பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தபோதுதான் என் கோபம் ஆரம்பித்தது. இந்தப் பேரினத்தின் பூச்சிகளை எங்கே பிடித்தார்கள் என்று பார்த்தால், ஒரு மலைத்தொடரின் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தச் சரிவு, எந்த ஓடை, ஒன்றும் கிடையாது. கொஞ்சம் பிந்தியவற்றில் இடம் இருக்கிறது. அந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். அத்தனை புள்ளியும் வண்டி போகும் ரோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பூச்சி என்ன பஸ்ஸுக்கா காத்து நிற்கிறது? பிடிக்க வந்தவர்கள் ஜீப்பை விட்டு இறங்கி நாலடி நடக்கவில்லை, அவ்வளவுதான். பூச்சியின் பரவல் என்று புத்தகத்தில் போட்டிருப்பது பாதி இடங்களில் பூச்சி பிடித்தவர்களின் பரவல். நானும் அப்படி ஒன்றும் மேலானவள் இல்லை. சனிக்கிழமைகளில் மூணாறு போய், அங்கிருந்து ஜீப் பிடித்து வட்டவடை போவேன். பூண்டு வயல்களுக்கு மேலே தண்ணீர் கசியும் பாறை ஒன்று இருந்தது. அங்கேயும் இதே மாதிரி பூச்சிகள் தொங்கின. மூன்று பிடித்தேன், மூன்றும் பெண்.

"டீச்சர், இங்கன கேரட்டு வாங்க வருவாக, பூண்டு வாங்க வருவாக. கொசு பிடிக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார் ஜீப்காரர்.

"கொசு இல்ல" என்றேன்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், பள்ளி முடிந்து வந்தேன். ரோட்டில் இறங்கும்போதே பிளீச்சிங் பவுடர் நெடி. பக்கத்தில் யாருக்கோ காய்ச்சல் வந்தது, டெங்குவாக இருக்கும் என்று பேச்சு இருந்தது. அதனால் எங்கேயோ தெளித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பையை வைத்துவிட்டு அடுக்களை ஜன்னலைத் திறந்தேன்.

சுவர் வெள்ளையாக இருந்தது. பாசி முழுவதையும் சுரண்டி ஓரமாகக் குவித்திருந்தார்கள். குவியலின் மேலும் பவுடர். குழாய்களின் வாயில் மருந்து அடித்த எண்ணெய்ப் பிசுக்கு வழிந்திருந்தது. ஒரு பூச்சி தொங்கவில்லை.

அழுதேன். ஆத்திரத்தில் வரும் அழுகை. அழுதுகொண்டே பின்னால் போய், சுவரடிச் சிமெண்ட் வாய்க்காலில் குனிந்து பார்த்தேன். செத்துக் கிடந்தன. தனித்தனியாக இல்லை, ஒவ்வொரு குழாய்க்கும் நேர் கீழே கும்பலாக. கைலென்ஸை எடுத்து வந்து ஒன்றைப் பார்த்தேன். வால்நுனி ஊசியாக இல்லை. தடித்திருந்தது. அடுத்ததும் அப்படியே. பதினொன்று, அத்தனையும் ஆண்.

குழாய்க்குள் இருந்திருக்கின்றன. இரண்டு வருடம் வட்டவடை வரைக்கும் போய்த் தேடியவள், என் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த குழாய்க்குள் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. மருந்து அடித்தவர்கள்தான் எனக்கு அவற்றை வெளியே கொண்டுவந்து போட்டார்கள். தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டேன். அவசரத்தில் இரண்டின் கால்கள் வாய்க்காலிலேயே தங்கிவிட்டன.

தோழிக்குப் போன் செய்தேன்.

"அடி சக்கை! ஆம்பளையா? எத்தன? காலெல்லாம் இருக்குதா?" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீயெல்லாம் ஒரு மனுசியா? இங்க எல்லாம் செத்துக் கெடக்குது, காலைக் கேக்குற" என்று கத்தினேன்.

"செத்தது செத்துப்போச்சு புள்ள. நாளைக்கு மறந்துருவ, இப்பவே லேபிள் எழுதி உள்ள போட்டுரு" என்று மட்டும் சொன்னாள்.

எழுதவில்லை. மறுநாள் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, தெளிக்க ஆள் அனுப்பிய ஆபீஸுக்குப் போனேன். என்னைக் கேட்காமல் என் வீட்டுப் பின்னால் எப்படி மருந்து அடிக்கலாம், ஓடுகிற தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடாது என்று உங்கள் ஆட்களே பள்ளிக்கு வந்து சொல்லவில்லையா, டயரையும் தொட்டியையும் விட்டுவிட்டுச் சுவரைச் சுரண்டச் சொன்னது யார் என்று, வராந்தாவில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். எல்லாம் மலையாளத்தில். மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேசத்தான். படிக்க வராது. முழுக்கத் தமிழ் மீடியம். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

அங்கே இருந்த பையன், வயது முப்பதுகூட இருக்காது, பொறுமையாகக் கேட்டான். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். பிறகு ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தான். பின்சுவர்ப் பாசியைச் சுரண்டிக் கொசு மருந்து அடிக்கக் கேட்டு மலையாளத்தில் எழுதிய மனு என்றான். அடியில் வரிசையாகக் கையெழுத்துகள். முதல் கையெழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"இந்த ஒப்பு டீச்சருடெ அல்லே?"

ஒப்பு என்றால் கையெழுத்து. என்னுடையதுதான். தமிழில், தெளிவாக, பள்ளி ரிஜிஸ்டரில் போடுவது மாதிரியே போட்டிருந்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு சாயங்காலம், ஒரு பூச்சியின் கழன்ற காலை உறைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி பேப்பரோடு வாசலில் நின்றாள். "குவார்ட்டர்ஸ் காரியமா ஒரு மனுக்கா" என்றாள். மூச்சு விட்டால் கால் பறந்துவிடும் என்று எனக்குப் பயம். பேனாவை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ரேஷன் கார்டு, பேங்க், பள்ளிக்கூட ஃபாரம், எது வந்தாலும் எங்கள் பழக்கம் அதுதான். எழுத்தைப் பார்ப்பதில்லை, காலி இடத்தைப் பார்ப்போம். வகுப்பில் மட்டும் பிள்ளைகளிடம், எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பெரிதாகச் சொல்வேன்.

ஃபைலை மூடி அந்தப் பையன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். என் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் லேபிளை எழுதினேன். இடம், தேதி, வாழிடம், சேகரித்தவர். சேகரித்த முறை என்ற இடத்தில் "கொசு மருந்து தெளித்ததில் இறந்து கிடந்தவை" என்று எழுதினேன். தோழி அதை எடுத்துவிடச் சொன்னாள். விடவில்லை. பிறகு நாங்கள் இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலும் அந்த வரி இருக்கிறது. பூச்சிக்கு என் பெயரை வைக்கிறேன் என்றாள். அதற்கு நான் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. லத்தீனில் சுவரைக் குறிக்கும் ஒரு சொல்லை வைத்தோம். பரவல் என்ற தலைப்பின் கீழ் ஒரே இடம்தான் இருக்கிறது, எங்கள் பின்சுவர். வட்டவடைப் பெண்களை ஆண் கிடைக்காமல் இதோடு சேர்க்க முடியாது. இன்றைக்கும் போய்த் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், இப்போது டார்ச்சோடு. பின்சுவரில் அதற்கப்புறம் ஒன்றையும் பார்க்கவில்லை. பாசி மறுபடியும் பிடிக்க ஆரம்பித்தால் யாராவது பவுடரோடு வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி மறுபடியும் வந்தாள். கையில் ஒரு பேப்பர். மலையாளம்.

"இந்தத் தடவ என்னத்துக்கு?" என்றேன்.

"தெரியலக்கா. வார்டுல இருந்து குடுத்துவிட்டாக."

"போன தடவையும் தெரியாமத்தான் கொண்டுவந்தியா?"

"எனக்கு எங்கக்கா மலையாளம் படிக்க வருது?" என்று சிரித்தாள். "நீங்க மொதல்ல போடுங்க. டீச்சர் படிச்சிட்டுத்தான் போட்டிருப்பாகன்னு, போன தடவ வரிசைல அத்தன பேரும் உங்க கையெழுத்தப் பாத்துட்டுத்தானக்கா போட்டாக."

பேனாவை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள்.